மறைந்து கிடக்கும் பிறழ்வுகள்: சூழல் நெருக்கடியில் பரிணாமம் எங்கிருந்து வேகம் பெறுகிறது?

புவி வெப்பமடைதல், மருந்துக்கு அடங்காத கிருமிகள், பூச்சிக்கொல்லியைத் தாங்கிப் பிழைக்கும் பூச்சிகள் ஆகியவை பற்றிய செய்திகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘சூழலுக்கு ஏற்ப உயிரினங்கள் தம்மை மாற்றிக்கொள்கின்றன.’ இத்தொடரில் ஒட்டியிருக்கும் ‘கொள்’ என்னும் துணைவினையிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ‘மாறுகின்றன’ என்று எழுதினால் அது ஒரு நிகழ்வைச் சொல்வதோடு நின்றுவிடும். ‘மாற்றிக்கொள்கின்றன’ என்று எழுதியவுடன், தமக்கு வேண்டியது இன்னதென அறிந்து தாமே தமக்காகச் செய்துகொள்கின்றன என்ற பொருள் உள்ளே நுழைந்துவிடுகிறது. வெயில் கூடினால் வெயிலைத் தாங்கும் மரபணுவை உடல் உண்டாக்கும்போலும் என்று வாசகர் எண்ணினால், அவரைக் குறை சொல்ல முடியாது.

அவ்வாறு நிகழ்வதற்குச் சான்று இல்லை. ஆனால் அதற்கு மறுப்பாகப் பள்ளிப் பாடத்தில் நாம் படித்ததும் முழுமையான விளக்கம் ஆகாது. மரபணுவில் தற்செயலாகப் பிறழ்வு நேர்கிறது, அவற்றுள் அரிதாக ஒன்று பயன் தருகிறது, அதைத் தாங்கிய உயிர் கூடுதலான குட்டிகளை ஈனுகிறது, பல்லாயிரம் ஆண்டுகளில் அது இனம் முழுதும் பரவுகிறது என்பது பாடநூலின் கதை. பத்துப் பதினைந்து தலைமுறைகளுக்குள் ஒரு மீனினத்தின் கவசமோ ஒரு ஈயின் இறகோ மாறிவிடுவதை இந்தக் கதையால் விளக்க இயலாது, ஏனெனில் அத்தனை குறுகிய காலத்தில் பொருத்தமான புதிய பிறழ்வு வந்து சேரும் வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றத்துக்கான பொருள் ஏற்கெனவே அந்த இனத்துக்குள் இருந்திருக்க வேண்டும். இருந்தும் வெளியே தெரியாமல் இருந்திருக்க வேண்டும். இந்தத் தெரியாத கையிருப்பை உயிரியலாளர்கள் மறைநிலை மரபு வேறுபாடு என்கிறார்கள். அது எப்படி மறைகிறது, எப்போது வெளிப்படுகிறது, வெளிப்பட்டால் என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

மரபணு வேறு, தோற்றம் வேறு

டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909ஆம் ஆண்டில் இரண்டு கருத்துகளைப் பிரித்துக் காட்டினார். ஓர் உயிர் தன் பெற்றோரிடமிருந்து பெற்ற மரபுச் செய்திகளின் தொகுப்பு மரபுவகை. அச்செய்திகள் சூழலோடு சேர்ந்து உருவாக்கும் உடலமைப்பும் இயல்பும் புறத்தோற்றம். இயற்கைத் தேர்வு நேரடியாகத் தொடுவது புறத்தோற்றத்தை மட்டுமே. பருந்து எலியின் டி.என்.ஏ.வைப் பார்ப்பதில்லை, அதன் நிறத்தையும் ஓட்டத்தையும்தான் பார்க்கிறது. ஆகவே மரபுவகையில் ஒரு மாற்றம் நேர்ந்தும் புறத்தோற்றத்தில் அது எதிரொலிக்காவிட்டால், தேர்வின் கண்ணுக்கு அது இல்லாததற்குச் சமம். அத்தகைய மாற்றம் களையெடுக்கப்படாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இத்தகையவை எத்தனை இருக்கும்? மனிதரையே எடுத்துக்கொள்வோம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய பிறழ்வுகள் ஏறத்தாழ 60 முதல் 70 வரை இருக்கின்றன. 2012இல் வெளியான ஒரு பெரும் ஆய்வின்படி, நலமாக உள்ள ஒருவரின் மரபுத்தொகுதியில் ஏதேனும் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் சுமார் 100 உள்ளன. அவற்றால் ஏறத்தாழ 20 மரபணுக்கள் இரு படிகளிலும் முற்றாகவே செயலற்றுக் கிடக்கின்றன. இருந்தும் அவர் நடமாடுகிறார், உழைக்கிறார், பிள்ளை பெறுகிறார். உடல் என்பது அத்தனை பிழைகளையும் விழுங்கிக்கொண்டு ஓடக்கூடிய ஏற்பாடு.

பிறழ்வு மறையும் நான்கு வழிகள்

1. இணைப்படியின் நிழல். பெரும்பாலான விலங்குகளிலும் செடிகளிலும் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். பாடநூல்கள் ஒடுங்கு பண்பு என்று குறிப்பிடுவது இதையே. முள்முதுகு மீனான ஸ்டிக்கிள்பேக் இதற்கு நல்ல சான்று. கடலில் வாழும் வகைக்கு உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் வரிசையாக உண்டு, நன்னீரில் வாழும் வகைக்குத் தகடுகள் மிகக் குறைவு. குறைந்த தகட்டுக்குக் காரணமான மரபணு வடிவம் கடல் மீன்களிடையே மிக அரிதாக, பெரும்பாலும் ஒற்றைப்படியாக மறைந்து உலவுகிறது. அலாஸ்காவின் லோபெர்க் ஏரியில் 1982இல் இருந்த மீன்கள் நஞ்சிட்டு அழிக்கப்பட்டன. பின்னர் கடல் ஸ்டிக்கிள்பேக்குகள் அங்கே குடியேறின. 1990இல் ஏரியில் பிடிபட்டவற்றுள் பெரும்பான்மை முழுக்கவச மீன்கள். 2001இல் பெரும்பான்மை குறைந்த கவச மீன்கள். ஒரு மனிதக் குழந்தை பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் ஓர் ஏரியின் மீனினம் உருமாறிவிட்டது.

2. பயன்படாத சூழல். ஒரு நஞ்சைச் சிதைக்கும் நொதியில் தனியருக்குத் தனியர் வேறுபாடு இருக்கலாம். அந்த நஞ்சே இல்லாத இடத்தில் வேறுபாடு வெளியே தெரியாது.

3. வலைப்பின்னலின் ஈடு. மரபணுக்கள் தனித்தனியாக இயங்குவதில்லை. ஒன்று பலவற்றைக் கட்டுப்படுத்துகிறது, ஒரே வேலைக்கு இரண்டு மூன்று மரபணுக்கள் பொறுப்பேற்கின்றன. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று ஈடுகட்டும். தக்காளியில் இது உண்டாக்கிய தலைவலியைப் பின்னர் காண்போம்.

4. புரத மடிப்பைக் காக்கும் ஏற்பாடு. நான்கில் அதிகம் ஆராயப்பட்டதும் அதிகம் சர்ச்சைக்கு உள்ளானதும் இதுவே. ஆனால் அதற்கு முன் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வாடிங்டனின் ஈக்கள்

பிரித்தானிய உயிரியலாளர் கான்ராட் ஹால் வாடிங்டனை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஈக்களிடையே மரபு வேறுபாடு ஏராளம், வளரும் சூழலும் ஒன்றாக இல்லை. இருந்தும் ஏறத்தாழ எல்லா ஈக்களுக்கும் இறகு நரம்புகள் ஒரே வடிவில் அமைகின்றன. வளர்ச்சி என்பது வாய்க்காலில் ஓடும் நீரைப் போன்றது என்று 1942இல் அவர் எழுதினார். கரை உயரமாக இருக்கும் வரை, நீர் சற்றே அலைந்தாலும் போய்ச் சேரும் இடம் மாறாது. சிறு பிறழ்வுகளும் சிறு சூழல் மாற்றங்களும் அந்த அலைவுகள். கரையை மீறும் அளவுக்குப் பெரிய உந்துதல் வந்தால்தான் நீர் வேறு பள்ளத்தில் பாயும்.

1953இல் வெளியிட்ட சோதனையில் அவர் அந்த உந்துதலைக் கொடுத்துப் பார்த்தார். பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களை, கூடு கட்டி ஒரு நாள் நிறைவதற்குச் சற்று முன்பாக, 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைத்தார். வெளிவந்த ஈக்களுள் பாதிக்கும் குறைவானவற்றில் இறகின் குறுக்கு நரம்பு காணாமற் போயிருந்தது. அவற்றை மட்டும் தம்முள் இனப்பெருக்கம் செய்யவிட்டு, அடுத்த தலைமுறைக்கும் அதே வெப்பத்தைக் கொடுத்து, மீண்டும் நரம்பற்றவற்றைத் தேர்ந்தெடுத்தார். தலைமுறைதோறும் நரம்பற்ற ஈக்களின் பங்கு ஏறிக்கொண்டே சென்றது. சுமார் 14 தலைமுறைகளுக்குப் பின், வெப்பமே காட்டாத ஈக்களிலும் குறுக்கு நரம்பு இல்லாதவை பிறக்கத் தொடங்கின.

மேலோட்டமாகப் பார்த்தால், வாழ்நாளில் பெற்ற பண்பு பிள்ளைகளுக்குப் போய்விட்டது போல் தோன்றும். வாடிங்டன் அதை அவ்வாறு விளக்கவில்லை. மரபுவழி உள்வாங்கல் என்று பெயரிட்டார். விளக்கத்தைப் படிப்படியாகக் காணலாம்.

1. தொடக்கத்திலிருந்த ஈக்களிடம் குறுக்கு நரம்பு உருவாவதைச் சற்றே பலவீனப்படுத்தும் பல மரபு வடிவங்கள் சிதறிக் கிடந்தன. எதுவும் தனியாக நரம்பை அழிக்கும் வலிமை பெற்றதில்லை.

2. வெப்பம், நரம்பு உருவாவதற்கான வாசல் மட்டத்தை உயர்த்தியது. ஏற்கெனவே பலவீன வடிவங்கள் சில சேர்ந்திருந்த ஈக்கள் அந்த மட்டத்தைத் தாண்ட முடியாமல் நரம்பை இழந்தன.

3. அவற்றைப் பிரித்து இனப்பெருக்கம் செய்தபோது, முன்பு தனித்தனி ஈக்களில் சிதறியிருந்த வடிவங்கள் ஓரிடத்தில் திரண்டன.

4. போதுமான அளவு திரண்டபின், வெப்பத்தின் உதவி இல்லாமலேயே சாதாரண மட்டத்தைக்கூடத் தாண்ட இயலாத ஈக்கள் பிறந்தன.

வெப்பம் எந்தப் பிறழ்வையும் உண்டாக்கத் தேவையில்லை. இருந்தவற்றை அது பார்வைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வலுவான சான்று, பல தலைமுறை உள்ளினப்பெருக்கம் செய்து மரபு வேறுபாடு ஏறத்தாழ அற்றுப்போன ஈக்களில் இத்தகைய தேர்வு பலன் தரவில்லை என்பதே. வெப்பம்தான் மரபணுவை மாற்றியதென்றால் அங்கும் மாற்றியிருக்க வேண்டும். கையிருப்பு இல்லாத இடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

சோவியத் ஒன்றியத்தில் இவான் ஷ்மால்ஹவுசென் ஏறத்தாழ இதே காலத்தில், வாடிங்டனைச் சாராமல், இதையொத்த முடிவுகளுக்கு வந்திருந்தார். பெற்ற பண்புகள் நேரடியாக மரபுரிமையாகும் என்பதை அரசின் கொள்கையாகவே ஆக்கிய லைசென்கோவின் கை 1948இல் ஓங்கியபோது ஷ்மால்ஹவுசென் பதவி இழந்தார். லைசென்கோவின் கூற்றுக்குச் சான்றுபோல் தோன்றுகின்ற நிகழ்வுகளுக்கு அதை மறுக்கும் விளக்கத்தைத் தந்தவர், அந்தக் கூற்றின் பெயராலேயே வெளியேற்றப்பட்டார் என்பது அறிவியல் வரலாற்றின் கசப்பான பக்கங்களுள் ஒன்று.

மடிப்பைக் காக்கும் புரதம்

வாடிங்டனின் வாய்க்கால் ஓர் உவமை. அதன் கரை எதனால் ஆனது என்று அவரால் காட்ட இயலவில்லை. அதற்கான முதல் நூல்நுனி ஒரு விபத்தில் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் பணிபுரிந்த ஒருவர் வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை அறியாமல் கூட்டிவைத்துவிட, குரோமோசோமில் வழக்கமாக இல்லாத இடங்களில் புடைப்புகள் தோன்றின. புடைப்பு என்பது அங்குள்ள மரபணு மும்முரமாக வேலை செய்வதன் அடையாளம். 1962இல் வெளியான அந்தக் கவனிப்பிலிருந்துதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்னும் குடும்பம் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது.

இவற்றின் வேலை என்ன? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். அது குறிப்பிட்ட முப்பரிமாண வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். வெப்பம் கூடினால் மடிப்பு குலையும், பிறழ்வால் ஓர் அமினோ அமிலம் மாறினாலும் மடிப்பு தள்ளாடும். தள்ளாடும் புரதங்களைத் தாங்கிப் பிடித்துச் சரியாக மடியச் செய்யும் உதவியாளர்களைச் சாப்பரோன்கள் என்பர். அவற்றுள் ஒன்று எச்.எஸ்.பி.90. ‘வெப்ப அதிர்ச்சி’ என்ற பெயரைத் தாங்கினாலும் இது சாதாரண நாளிலும் செல்லில் மிகுதியாக இருக்கிறது. செல்லின் மொத்தப் புரதத்தில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு இதுவே. அது காப்பவை பெரும்பாலும் வளர்ச்சிக் குறிப்புகளை எடுத்துச் செல்லும் சமிக்ஞைப் புரதங்கள். இயல்பிலேயே நிலையற்ற அவை தடுமாறினால், உடலின் வடிவமே தடுமாறும்.

1998இல் சுசான் ரதர்ஃபோர்டும் சூசன் லிண்ட்குவிஸ்டும் எச்.எஸ்.பி.90 குறைந்த பழ ஈக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, இத்துறையின் திருப்புமுனை ஆயிற்று. அந்த ஈக்களின் சிறு விழுக்காட்டில் கண், இறகு, கால், உடல்முடி என விதவிதமான கோளாறுகள் தோன்றின. ஒரு புரதம் குறைந்ததால் கோளாறு வந்தது என்பதில் வியப்பில்லை. எந்தக் கோளாறு வருகிறது என்பது ஈயின் குலவழியைப் பொறுத்து மாறியதுதான் வியப்பு. ஒரு வழியில் கண் சிதைந்தது, மற்றொன்றில் இறகு நரம்பு தடித்தது. அப்படியானால் கோளாறை விதைத்தது எச்.எஸ்.பி.90 இல்லை. அந்தந்த வழியில் முன்பே இருந்த பிறழ்வுகளை அது மூடி வைத்திருந்தது. பிறழ்வு கொண்ட ஈக்களுக்கு அப்புரதத்தை முடக்கும் ஜெல்டானமைசின் என்னும் பொருளை உணவில் கலந்து கொடுத்தபோதும் இதையொத்த விளைவு கிட்டியது. கோளாறுள்ள ஈக்களைத் தேர்ந்தெடுத்துச் சில தலைமுறை வளர்த்தபின், எச்.எஸ்.பி.90 முழு அளவில் திரும்பி வந்தும் கோளாறு மறையவில்லை. வாடிங்டன் கண்ட உள்வாங்கல் இங்கே மூலக்கூறு அளவில் வெளிப்பட்டது.

அவர்கள் இப்புரதத்தைப் பரிணாமத்தின் மின்தேக்கி என்று அழைத்தனர். மின்தேக்கி மின்னேற்றத்தைத் தேக்கி வைத்து ஒரே வீச்சில் வெளிவிடுவது போல, எச்.எஸ்.பி.90 பிறழ்வுகளின் விளைவைத் தேக்கி வைத்து நெருக்கடியில் வெளிவிடுகிறது என்பது கருத்து. இதன் தருக்கம் எளியது. வெப்பமோ நஞ்சோ தாக்கும்போது செல்லுக்குள் மடிப்புக் குலைந்த புரதங்கள் பெருகுகின்றன. சாப்பரோன்கள் அவற்றைக் கவனிக்க ஓடுகின்றன. வழக்கமாக அவற்றை நம்பியிருந்த, பிறழ்வால் சற்றே தளர்ந்த புரதங்கள் கைவிடப்படுகின்றன. அதுவரை வெளித்தெரியாத வேறுபாடுகள் ஒரே நேரத்தில் புறத்தோற்றத்துக்கு வருகின்றன. சூழல் மாறி, பழைய உடலமைப்பு உதவாமற் போகும் அதே தருணத்தில் புதிய உடலமைப்புகள் சந்தைக்கு வருவதால், தேர்வுக்குப் பொருள் கிடைக்கிறது. 2002இல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸிலும் இத்தகைய வெளிப்பாடு காட்டப்பட்டது.

ஈஸ்டின் மீள்வழி

ஈஸ்டில் வேறொரு ஏற்பாடு உண்டு. புரதம் எங்கே முடிய வேண்டும் என்று சொல்லும் நிறுத்தக் குறியீட்டைப் படிக்க உதவும் ஒரு புரதம், சில நேரங்களில் பிரியான் எனப்படும் திரள் வடிவுக்கு மாறிவிடுகிறது. அப்போது செல் நிறுத்தக் குறியீட்டைத் தாண்டியும் படிக்கத் தொடங்குகிறது. குறியீட்டுக்கு அப்பால் எந்தப் பயனும் இன்றிப் பிறழ்வுகளைச் சேர்த்துக் கிடந்த பகுதிகள் திடீரெனப் புரதத்தில் இடம்பெறுகின்றன. 2000இல் வெளியான ஆய்வில், இந்நிலையில் உள்ள ஈஸ்ட் சில கடுஞ்சூழல்களில் மற்றதைவிட நன்றாக வளர்ந்தது, சிலவற்றில் மோசமாக வளர்ந்தது. பிரியான் நிலை தானாகவே அரிதாக மறையவும் கூடும் என்பதால், உதவாத மாற்றத்திலிருந்து திரும்பி வரவும் வழியிருக்கிறது.

கண்ணிழந்த மீன்கள்

ஆய்வகத்தில் ஈக்களைச் சிதைத்துக் காட்டுவது வேறு, இயற்கையில் நடந்ததற்கு இதுவே காரணம் என்பது வேறு என்ற ஐயம் நியாயமானது. பெரும்பாலான கோளாறுகள் ஈக்கு எந்தப் பயனும் தராதவை. ஆகவே 2013இல் மெக்சிகோவின் அஸ்டையனாக்ஸ் மீனைப் பற்றி வந்த ஆய்வு கவனிப்புக்குரியது. இம்மீனின் சில கூட்டங்கள் ஆறுகளில் வாழ்கின்றன, அவற்றுக்குக் கண் உண்டு. அதே இனத்தின் வேறு கூட்டங்கள் இருண்ட குகைகளில் கண்ணின்றி வாழ்கின்றன. சூசன் லிண்ட்குவிஸ்ட், கிளிஃபோர்ட் டாபின், நிக்கோலஸ் ரோனர் உள்ளிட்ட குழுவினர் ஆற்று மீனின் கருக்களில் எச்.எஸ்.பி.90ஐ முடக்கியபோது, குஞ்சுகளின் கண் அளவு இரு திசையிலும் பரந்தது. சிலவற்றுக்குக் கண் பெரிது, சிலவற்றுக்குச் சிறிது. சிறிய கண்ணுள்ளவற்றைத் தேர்ந்து வளர்த்தபோது, மருந்து இல்லாமலேயே அவற்றின் சந்ததியில் கண் சிறுத்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மருந்துச் சோதனை அன்று. குகை நீரில் உப்புகள் குறைவு, ஆதலால் அதன் மின்கடத்தும் திறனும் குறைவு. ஆற்று மீனின் கருக்களை எந்த மருந்தும் சேர்க்காமல் அத்தகைய நீரில் வளர்த்தபோதும் கண் அளவின் வேறுபாடு பெருகியது. இருட்டில் உதவாத கண்ணைச் சிறிதாக்கும் வேறுபாடுகள், குகைக்குள் அடித்துச் செல்லப்பட்ட முதல் மீன்களிடமே இருந்திருக்கலாம், குகை நீரே அவற்றைத் திறந்துவிட்டிருக்கலாம் என்று கருத இது இடமளிக்கிறது.

சேமித்தது யார்?

இந்த இடத்தில் செய்திக் கட்டுரைகள் அடுத்த வழுக்கலுக்கு உள்ளாகின்றன. ‘எதிர்கால ஆபத்துக்காக உயிர்கள் பிறழ்வுகளைச் சேமித்து வைக்கின்றன’ என்று எழுதப்படுகிறது. ‘சேமித்து வைக்கின்றன’ என்ற சொல்லிலும் நோக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெல்லைக் குதிரில் போட்டு வைக்கும் குடியானவர் நாளைய பசியை எண்ணுகிறார். இயற்கைத் தேர்வு நாளையை எண்ண இயலாது. அப்படியானால் இந்தக் கையிருப்பு எப்படித் திரள்கிறது?

2016இல் ஈஸ்டைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. தேர்வின் பிடி மிகக் குறைவாக இருக்கும்படி வளர்க்கப்பட்டு, வந்த பிறழ்வுகளையெல்லாம் பெரும்பாலும் அப்படியே சேர்த்துக்கொண்ட ஈஸ்ட் வழிகளை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். எச்.எஸ்.பி.90 பிறழ்வுகளின் விளைவைப் பொதுவாகவே அமுக்கும் என்றால், இந்தப் புதிய பிறழ்வுகளையும் அமுக்கியிருக்க வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. சிலவற்றின் விளைவை அது குறைத்தது, சிலவற்றின் விளைவைக் கூட்டியது. ஆனால் இயற்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஈஸ்ட் வகைகளிடையே உள்ள வேறுபாடுகளைப் பார்த்தால், அமுக்கப்படுபவைதாம் மிகுதி. காரணம் சல்லடை. வெளியே தெரிந்த தீய பிறழ்வுகள் களையப்பட்டுவிட்டன, மறைந்தவை எஞ்சின. எஞ்சியதைப் பின்னர் காணும் நாம், யாரோ பத்திரப்படுத்தியதாக நினைத்துவிடுகிறோம்.

மேலும் இரு திருத்தங்கள் தேவை.

முதலாவது, எச்.எஸ்.பி.90 எப்போதும் மூடியாக இருப்பதில்லை. சில பிறழ்வுகளுக்கு அதுவே ஊன்றுகோல். 2010இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஈஸ்ட் வகைகளைப் பலவகைச் சூழல்களில் சோதித்தபோது, மரபு வேறுபாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கின் விளைவு எச்.எஸ்.பி.90இன் அளவால் மாறுவது தெரிந்தது. அவற்றுள் ஒரு பகுதியை அது மறைத்தது, மற்றொரு பகுதியின் விளைவு வெளிப்படவே அதன் துணை வேண்டியிருந்தது. மருத்துவத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. கேண்டிடா பூஞ்சை ஃபுளுகோனசோல் மருந்தை எதிர்க்கும் திறன் பெறுவதற்கு எச்.எஸ்.பி.90 துணைபுரிகிறது என்று 2005இல் லேயா கோவனும் லிண்ட்குவிஸ்டும் காட்டினர். அப்புரதத்தை முடக்கினாலோ, காய்ச்சல் அளவுக்கு வெப்பத்தைக் கூட்டினாலோ எதிர்ப்பு தளர்ந்தது. நெருக்கடி எப்போதும் புதுமையைத் திறக்கும் என்ற பொதுவிதிக்கு இது எதிர்ச்சான்று.

இரண்டாவது, வெளிப்படுவது எல்லாமே பழைய கையிருப்பு அன்று. மரபுத்தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளை அடக்கி வைக்கும் ஏற்பாட்டுக்கும் எச்.எஸ்.பி.90 தேவைப்படுகிறது. அது குறைந்தால் தாவும் துண்டுகள் கட்டவிழ்ந்து புதிய பிறழ்வுகளையே உண்டாக்கும் என்று 2010இல் ஈக்களில் காட்டப்பட்டது. ஆக, முந்தைய சோதனைகளில் கண்ட சில கோளாறுகள் அவ்வாறு அப்போதுதான் உண்டானவையாகவும் இருக்கலாம். ஆயினும் அத்துண்டுகள் போய் விழும் இடம் தேவையை அறிந்து அமைவதில்லை. ‘கொள்’ என்ற துணைவினைக்கு இங்கும் இடமில்லை.

தக்காளித் தோட்டத்தில் ஒரு கண்ணிவெடி

மறைந்திருப்பவை வாய்ப்பாக மட்டும் அமைவதில்லை. அமெரிக்கத் தக்காளி வளர்ப்பாளர்கள் இதைப் பல பத்தாண்டுகள் காரணம் அறியாமலேயே அனுபவித்தார்கள். சாதாரணத் தக்காளியின் காம்பில் நடுவே ஒரு மூட்டு உண்டு. பறிக்கும்போது அந்த மூட்டில் ஒடிவதால் காம்பின் துண்டு பழத்தோடு வந்துவிடும். இயந்திரத்தால் அறுவடை செய்து குவிக்கும்போது அது பக்கத்துப் பழங்களைக் குத்தும். காலபகோஸ் தீவுகளில் வளரும் காட்டுத் தக்காளியில் மூட்டில்லாக் காம்பு கண்டறியப்பட்டபோது, அந்தப் பண்பைத் தோட்டத் தக்காளிக்குள் கொண்டுவர முயன்றார்கள். வந்தது, ஆனால் பல வகைகளில் பூங்கொத்து கட்டுக்கடங்காமல் கிளைவிட்டுக் காய்ப்பு சரிந்தது.

காரணத்தை ஸக்கரி லிப்மன் குழுவினர் 2017இல் வெளியிட்டனர். மனிதர் தக்காளியைப் பயிராக்கிய தொடக்க காலத்திலேயே மற்றொரு மரபணுவில் ஒரு சிறு பிறழ்வு நேர்ந்து பரவியிருந்தது. பழத்தின் தலையில் உள்ள பச்சைப் புல்லிகளைச் சற்று நீளமாக்கியதைத் தவிர அது எதையும் செய்யவில்லை. இந்த மரபணுவும் மூட்டு மரபணுவும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுபவை. ஒன்று தளர்ந்தால் பூங்கொத்துக்கு ஒன்றும் ஆகாது, இரண்டும் தளர்ந்தால் வாய்க்காலின் கரை உடைகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் அடங்கிக் கிடந்த பிறழ்வு, தனக்குத் துணையான மற்றொன்று வந்து சேர்ந்தவுடன் வெடித்தது. காரணம் தெரிந்தபின் அதையே பயன்படுத்தவும் முடிந்தது: இரு பிறழ்வுகளையும் அளவாகச் சேர்த்துக் கிளைப்பை மிதமாக்கி, விளைச்சலைக் கூட்டும் செடிகளை அக்குழுவினர் உருவாக்கினார்கள்.

மனித நோயிலும் இதன் சாயல் உண்டு. ஃபான்கோனி சோகை என்பது டி.என்.ஏ. பழுதுபார்ப்பு முடங்குவதால் வரும் அரிய பரம்பரை நோய். அதற்குக் காரணமான புரதங்களுள் ஒன்றின் பிறழ்வு வடிவங்கள் சிலவற்றை எச்.எஸ்.பி.90 தாங்கிப் பிடித்து வேலை செய்ய வைக்கிறது என்றும், காய்ச்சல் அளவிலான வெப்பம் அந்தத் தாங்கலைக் குலைக்கக்கூடும் என்றும் 2017இல் செல் ஆய்வுகள் காட்டின. ஒரே மரபணு நோய் ஒருவருக்குக் கடுமையாகவும் மற்றவருக்கு மிதமாகவும் இருப்பதற்கான காரணங்களுள் ஒன்றை இது சுட்டுகிறது.

எண்ணிக்கை குறைந்தால் கையிருப்பும் குறையும்

மறைநிலை வேறுபாடு உண்மையில் பரிணாமத்தை விரைவுபடுத்துமா என்பதை நேரடியாக அளக்க, 2019இல் ஆந்திரேயாஸ் வாக்னர் குழுவினர் ஒளிரும் புரதம் ஒன்றைப் பயன்படுத்தினர். மஞ்சளாக ஒளிர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் புரதத் தொகுதிகளைச் சில சுற்றுகள் பிறழவிட்டனர்; நிறம் மாறாமல், உள்ளே வேறுபாடு சேர்ந்தது. பின்னர் பச்சையாக ஒளிர்பவற்றைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது, இவ்வாறு வேறுபாடு சேர்த்த தொகுதிகள் சேர்க்காதவற்றைவிட விரைவாகப் பச்சையை எட்டின. சேரும் காலத்தில் வெளிப்பார்வைக்கு எதுவுமே நிகழவில்லை என்பதை மீண்டும் நினைவூட்ட வேண்டும்.

வேகமாக மாறும் காலநிலையில் எந்த இனம் தப்பும் என்ற கேள்விக்கு இது ஒரு கடுமையான துணைக்கேள்வியைச் சேர்க்கிறது. கையிருப்பு சேர நீண்ட காலமும் பெரிய எண்ணிக்கையும் வேண்டும். ஓர் இனம் சில பத்து உயிர்களாகச் சுருங்கினால், அரிய மரபு வடிவங்கள் பெரும்பாலும் அத்துடன் தொலைந்துவிடும். பின்னர் எண்ணிக்கையை மீட்டாலும் அவை திரும்பி வருவதில்லை. இன்னொரு தீங்கும் நேர்கிறது. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடப்பதால் இணைப்படியின் நிழலில் மறைந்திருந்த தீய பிறழ்வுகள் இரட்டைப்படியாகி வெளிப்படுகின்றன. ஃபுளோரிடாவின் பூமாக்கள் முப்பதுக்கும் கீழாகச் சுருங்கியபோது வளைந்த வால், இறங்காத விரை, இதயக் கோளாறு ஆகியவை அவற்றிடையே பெருகின. 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவந்து விடப்பட்டன. கலப்பில் பிறந்த குட்டிகளிடம் அக்கோளாறுகள் குறைந்தன, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பூமாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. வெளியிலிருந்து வந்த படிகள் பழைய பிறழ்வுகளை அழித்துவிடவில்லை. அப்பிறழ்வுகள் மீண்டும் நிழலுக்குள் சென்றிருக்கின்றன.